புக்கிட் தீமாவில் ஒரு சீப்பு வாழைப்பழம்

என் மகளின் மாமியார் போடிநாயக்கனூரைச் சேர்ந்தவர். வாசலில் நின்று நிமிர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் வீடு. அப்படிப்பட்டவருக்குச் சிங்கப்பூரில் மலை காட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். வேறு யார் மீதும் பழியைப் போட வழியில்லை.

அது ஜூன் மாதம், பள்ளி விடுமுறை. எங்கள் சிங்கப்பூரில் வருடம் முழுவதும் ஒரே கோடைதான் என்றாலும் ஜூன் வெயிலுக்கு ஒரு மேலதிகாரித் தோரணை உண்டு. செந்தோசாத் தீவில் கூட்டம், விலங்கியல் தோட்டத்தில் கூட்டம், விமான நிலையத்து நீர்வீழ்ச்சியைப் பார்க்கக்கூடக் கூட்டம். சம்பந்தி அம்மா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். அதற்கு முன் சனிக்கிழமை அவரை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று மருமகன் பேச்செடுத்தார். நானும் மனைவியும் அன்று அவர்களுடைய புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்குச் சனிக்கிழமை வேலை.

"புக்கிட் தீமா மலை" என்றேன். "நுழைவுச் சீட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது, குழுவில் எத்தனை பேர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்."

அரசாங்க அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான். எந்த இடத்துக்குப் போக என்ன அனுமதி வேண்டும், எந்த இடத்துக்கு வேண்டாம் என்பது எனக்கு மனப்பாடம். அனுமதி வேண்டாத இடத்துக்குப் போவதில் ஓய்வுபெற்றவனுக்கு ஒரு தனி சுகம் உண்டு. அந்த உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வர்ணித்துவிட்டேன். வானத்தை மறைக்கும் மரங்கள், பழைய கல்குவாரியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், மரத்துக்கு மரம் மிதந்து போகும் பறக்கும் லெமூர். "குரங்கு பார்க்கக் காட்டுக்குள் போகவே வேண்டாம், சாலையோரத்திலேயே குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்" என்றும் சொல்லிவைத்தேன்.

ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்த சம்பந்தி அம்மாவின் கை நின்றது.

"நெசமாவே குரங்கு இருக்காண்ணே?"

"நெறைய இருக்கும்மா."

"சனிக்கிழமையுமா?"

"அதுங்களுக்கு ஏது லீவு?" என்றாள் என் மனைவி.

அப்போதுதான் வேண்டுதல் விஷயம் வெளியே வந்தது.

அதற்கு முந்தைய மாதம் மருமகனுக்கு டெங்கி. ரத்தத் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கி, மருத்துவமனையில் சேர்த்து, செய்தி கேட்டுச் சம்பந்தி அம்மா விமானம் ஏறி வந்தார். காய்ச்சல் விட்டது. எல்லாரும் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் திரும்பவும் வந்தது. அந்த நோயின் குணமே அப்படித்தான் என்று டாக்டர் விளக்கினார். சம்பந்தி அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் முறை காய்ச்சல் விட்டதும் வேண்டுதலை நிறைவேற்றாமல் இருந்துவிட்டார். அதனால்தான் திரும்பி வந்தது. அலுவலகத்தில் நாங்கள் அனுப்பிய நினைவூட்டல் கடிதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆஞ்சநேயருக்கு வேண்டியிருக்கேன். இவன் எந்திரிச்சு நடந்தாப் போதும், சனிக்கிழமை அன்னிக்கு, எங்கையால, உசிருள்ள குரங்குக்கு ஒரு சீப்பு வாழப்பழம் கொடுக்கிறேன்னு."

"ஊருல போயிக் கொடுங்கம்மா" என்றார் மருமகன். "நம்ம மலைக்கோயில் படியில எத்தனை குரங்கு இருக்கு!"

"காய்ச்ச உனக்கு எங்க வச்சு வந்துச்சு? இந்த மண்ணுல வச்சுக் கொடுக்கிறேன்னுதான் சொன்னேன்."

"உங்கள யாரு இவ்ளோ டீட்டெயிலா வேண்டிக்கச் சொன்னா?"

"பயந்துபோயி வேண்டுறப்ப வெவரமாத்தான்டா வாயில வரும்."

எனக்கு அதில் ஒரு மரியாதையே வந்துவிட்டது. கிழமை, இடம், பொருள், அளவு, பெறுபவர், கொடுக்கும் முறை என்று ஒன்றையும் விடாத விண்ணப்பத்தை என் பணிக்காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் சட்டம் சட்டம்தானே. இங்கே காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது குற்றம், அபராதம் உண்டு, அதுவும் லேசான அபராதமில்லை என்று விளக்கினேன். அபராதம் என்றதுமே மருமகனின் முகம் வெளுத்தது. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லே தனிக் காய்ச்சல்.

மாற்று வழிகளும் சொல்லிப் பார்த்தேன். கோயிலில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தலாம். பழத்தை அங்கேயே பக்தர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

"உசிருள்ள குரங்குன்னு சொல்லிப்புட்டேனேண்ணே" என்றார், எனக்காக வருத்தப்படுகிறவர் போல.

"செய்யாமப் போனா என்னவாம்?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

அவர் எதிரே உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். மருத்துவமனையிலிருந்து வந்து வாரங்களாகியும் அவருடைய சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகித்தான் நின்றது. சம்பந்தி அம்மா அந்த இடைவெளியைப் பார்த்த விதத்தில், இதை நான் சுற்றறிக்கையால் தீர்க்க முடியாது என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விடுவார். அங்கே ஒவ்வொரு ராத்திரியும் தொலைபேசி மணி அடித்தால் என்ன நினைப்பார் என்பதும் தெரிந்தது.

கை கழுவி வந்ததும் அவரே, "சரிண்ணே. சட்டம்னா சட்டம்தான்" என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒருவர் ஒப்புக்கொண்டால் அவர் ஏற்கெனவே இந்த வரிசையை விட்டு வேறு கவுண்டருக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேறு கவுண்டர் என் மனைவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சம்பந்தி அம்மாவுக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போன இருவரும், சந்தையில் நுழைந்து நல்ல பழுத்த பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கியிருக்கிறார்கள். சிறிய பழம், மெல்லிய தோல். குரங்குக்கு உரிக்கச் சுலபமாம். அந்த அளவுக்குக் கலந்து பேசி வாங்கியிருக்கிறார்கள். எனக்கு ஒரு சேலை மட்டும் காட்டப்பட்டது.

சனிக்கிழமை காலை நாங்கள் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினோம், அவர்கள் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்தார்கள். பியூட்டி வோர்ல்டு நிலையத்தில் சந்தித்தோம். சம்பந்தி அம்மா பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. "தண்ணி பாட்டில்" என்று நான் கேட்காமலே சொன்னார்.

மலையடிவாரத்தில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவாண்ணே மலை?"

"இந்த நாட்டுலயே இதுதாம்மா ஒசரம்."

"எங்க ஊருல இதுக்கு மேடும்பாக" என்றார். உடனே, விருந்தாளி என்று நினைவு வந்ததோ என்னவோ, "ஆனா சுத்தமா வச்சிருக்காக" என்று சேர்த்துக்கொண்டார்.

மேடு என்றவருக்கு அந்தத் தார்ச்சாலையின் முதல் ஏற்றம் ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மருமகன் முதல் நிழற்குடையிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி அம்மா நாலடி முன்னே போவதும், திரும்பி மகனைப் பார்ப்பதும், இறங்கி வருவதுமாக எங்களைவிட இரண்டு மடங்கு மலை ஏறினார். "மெதுவா வா, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவசரமாக நடந்தார். கண் முழுக்க மரக்கிளைகளில் இருந்தது. மரங்களை ரசிக்கிறார் என்று நான் நினைத்தேன். அப்படியே பெயர்கள் சொல்லிக்கொண்டும் வந்தேன்.

விடுமுறைக் கூட்டம் எங்களைக் கடந்து ஏறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் நின்று பெரணிச் செடியைப் படம் எடுக்கும் குடும்பங்கள். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து இமயமலைக்குப் போகிற மாதிரி வரும் சீனப் பாட்டிமார்கள். உச்சிக்குப் போய் இறங்கி, மறுபடியும் ஏறும் ஒரு கூட்டம். இவர்கள் மலேசியாவின் சாபாவில் கினபாலு மலை ஏறப் பயிற்சி எடுப்பவர்கள். முதுகுப் பையில் கனத்துக்காக அரிசி மூட்டையோ தண்ணீர்ப் புட்டிகளோ வைத்திருப்பார்கள். அப்படி ஒருவர் வியர்த்து ஊற்றிக்கொண்டு எங்களைக் கடந்தார்.

"மேல அரிசிக் கடை இருக்காண்ணே?"

"இல்லம்மா. தூக்கிட்டுப் போயிட்டு, திரும்பக் கீழ கொண்டு வருவாங்க. பயிற்சி."

அவர் யோசித்தார். "எங்க பக்கம் ஏலத்தோட்டத்துல இதுக்குக் கூலி கொடுப்பாக."

மருமகன் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. சம்பந்தி அம்மாவின் முகம் உடனே மாறியது. மகனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வியர்வைதான். இருந்தாலும் துணிப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றி இறுக்கிக்கொண்டார்.

உச்சிக்குப் போகும் வரை ஒரு குரங்குகூடக் கண்ணில் படவில்லை. சில்வண்டுகள் காதைத் துளைத்தன. வால் நுனியில் துடுப்பு கட்டியது போன்ற கரிச்சான் குருவி ஒன்று கிளைக்குக் கிளை தாவியது. ஒரு மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடந்த பறக்கும் லெமூரைச் சுற்றி ஒரு கும்பல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. "தூங்குது, எழுப்பாதீங்க" என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தி அம்மா அதை ஒரு பார்வை பார்த்து, "இது ஆவாது" என்று முணுமுணுத்தார். எதற்கு ஆகாது என்று நான் கேட்டிருக்கலாம்.

உச்சியில் உயரம் பொறித்த பாறைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வரிசை இருந்தது. வரிசை என்று இருந்தால் நான் நின்றுவிடுவேன். படத்தில் மூவர் சிரிக்கிறோம். சம்பந்தி அம்மா மட்டும் பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழே இறங்கிக் குவாரிக் குளத்தின் பார்வை மேடைக்குப் போனோம். நேர் செங்குத்தான கருங்கல் சுவர், அதன் காலடியில் அசையாத பச்சைத் தண்ணீர். ஊரை எழுப்ப ஒரு காலத்தில் இங்கிருந்துதான் கல் வெட்டினார்கள் என்று விளக்கினேன். அவர் கைப்பிடியில் சாய்ந்து, வாடிய முகத்தோடு எதிர்க்கரை மரங்களையும் ஒரு சுற்று தேடினார்.

"அழகா இருக்குண்ணே" என்றார் கடைசியில். குரலில் அழகு இல்லை. "வேற எங்கயும் போகணுமா, இல்ல அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

எனக்கு உள்ளூர நிம்மதி. குரங்கு வரவில்லை, சட்டம் பிழைத்தது. அந்த நிம்மதியோடு வெளியேறும் சாலைக்கு வந்தோம்.

சாலையோரக் கைப்பிடி முழுவதும் குரங்குகள்.

குறைந்தது ஒரு டஜன் இருக்கும். ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்த்தது. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய், போக்குவரத்தை வேடிக்கை பார்த்தபடி. சம்பந்தி அம்மா நின்றார். செருப்பைக் கழற்றினார். அந்தச் செருப்பைக் கழற்றியதில்தான் எனக்குப் பொறி தட்டியது. அதற்குள் அவர் கை துணிப்பைக்குள் போய், சிவப்புப் பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்துவிட்டது. தேக்காவில் காய்கறி போட்டுக் கொடுக்கும் அந்தச் சரசரக்கும் பை.

நான் பாய்ந்து பையைப் பிடித்தேன்.

"விடுங்கண்ணே!"

"சட்டம்மா!"

"ஒரே ஒரு சீப்பு!"

"ஒரே ஒரு பழம் கொடுத்தாலும் குத்தம் குத்தம்தான்!"

"எம்புள்ளைக்குண்ணே, விடுங்க!"

"அம்மா, ப்ளீஸ்மா!" இது மருமகன்.

"என்னாங்க, பெரியவங்களோட இப்படி இழுத்துகிட்டு! எல்லாரும் பார்க்கிறாங்க, லா!" இது என் மனைவி. இந்தச் சதியில் தனக்குப் பங்கே இல்லாத மாதிரி.

இரண்டு வயதானவர்கள் நடுரோட்டில் ஒரு பிளாஸ்டிக் பைக்காக இழுபறி நடத்திக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டிலிருந்து ஒரு பெரிய கடுவன் குரங்கு வந்தது. ஓடியெல்லாம் வரவில்லை. உரிமையோடு நடந்து வந்தது. பையின் அடியைப் பிடித்து, என்னை நிமிர்ந்து பார்த்து, பல்லைக் காட்டியது. அதன் கோரைப்பல் என் சுண்டுவிரல் நீளம். நான் ஏதோ கத்தினேன். அடுத்த கணம் பை கைப்பிடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பிறகு மரத்தில் இருந்தது. மேலேயிருந்து மஞ்சள் தோல்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.

சீருடை அணிந்த பெண் அதிகாரி ஒருவர் வேகமாக நடந்து வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது. ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"அங்கிள், கடிச்சுதா? கீறிச்சா?"

"இல்லை. நாங்கள் உணவு கொடுக்கவில்லை. அது எடுத்துக்கொண்டது" என்றேன். கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்வது பெரிய பிழை என்று எத்தனையோ பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

"பார்த்தேன். நீங்கள் கத்தினது மலை உச்சி வரைக்கும் கேட்டிருக்கும்." அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே சாப்பாடு என்று அதுகளுக்குத் தெரியும். யாராவது கொடுத்துப் பழக்கியதுதான். அப்புறம் குட்டியைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே ஓடும். அடுத்த முறை பழத்தை முதுகுப்பைக்குள் வையுங்கள், லா, அங்கிள். வெளியில் எடுக்கவே கூடாது." மரத்தடியிலிருந்து தோல்களைப் பொறுக்கினார். மேலே பார்த்து பிளாஸ்டிக் பை விழக் காத்திருந்தார். அது விழுந்ததும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். அபராதம் இல்லை, பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. மருமகன் சாலையோரக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். ஆனால் சம்பந்தி அம்மா மரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். கண்ணில் தண்ணீர். செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் இலேசாக, ஒரு சின்னப் பெண் மாதிரி நடந்தார்.

இங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். ரயில் நிலையம் நோக்கி நடக்கும்போது மருமகன், "மாமா, பயமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார். பயம் வடிந்த பிறகு வரும் தைரியத்தில் நான் சொல்லத் தொடங்கினேன். குரங்கு பல்லைக் காட்டியபோது நான் கண்ணோடு கண் பார்த்தேன் என்றேன். சம்பந்தி அம்மா கையை எடுத்துவிட்டார், நான் மட்டும் கடைசி வரை பையை விடவில்லை, அதுதான் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பிடித்திருந்தது.

முன்னால் போன ரப்பர் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

திரும்பிய சம்பந்தி அம்மாவின் முகத்தில் குவாரிக் குளத்தருகே இருந்த அதே முகம். "உங்க கையிலேருந்தாண்ணே போச்சு?"

"ஆமாம்மா, நான்தான்..."

"அப்ப எங்கையால கொடுக்கலையா?"

கொடுக்கும் முறை: எங்கையால. அந்த நிபந்தனையை அன்றே பாராட்டியவன் நான். இப்போது என் வீரக்கதையில் அவருடைய வேண்டுதல் தள்ளுபடியாகிக் கிடந்தது. அவர் பார்வை மகனிடம், அந்தக் காலர் இடைவெளியிடம் போனது.

"இல்லம்மா" என்றேன். "பொய் சொன்னேன்."

"என்னது?" என்றாள் மனைவி.

"அது பல்லைக் காட்டின உடனே நான் விட்டுட்டேன். பயத்துல. ரெண்டு கையையும் எடுத்து இப்படித் தலைக்கு மேல வச்சுகிட்டேன். கடைசியா பை உங்க கையிலதான் இருந்துச்சும்மா. உங்க கையிலேருந்துதான் போச்சு."

"எனக்காகச் சொல்லாதீகண்ணே."

"அத்தை, அவர் சொல்றது உண்மைதான்" என்றாள் மனைவி; மகளைப் போலவே சில சமயம் சம்பந்தி அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். "நான் பார்த்தேனே. சிங்கம் மாதிரி கத்திட்டு, கையைத் தூக்கிட்டு, உங்க பின்னால வந்து நின்னாரு. உங்க முந்தானையைப் பிடிச்சாரா இல்லையா?"

பிடித்தேன். அதுவும் உண்மைதான். அதைச் சொல்லும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை.

சம்பந்தி அம்மா தன் சேலையின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார். அங்கே கசங்கியிருந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மருமகன் பேருந்து நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார், இம்முறை இருமல் இல்லாமல். என் மனைவி அந்தக் காட்சியை நடித்தே காட்டினாள். நான் தலைக்கு மேல் கையை வைத்த விதத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தினாள் என்பது என் கருத்து; அதைப் பதிவு செய்ய யாரும் தயாராக இல்லை.

பியூட்டி வோர்ல்டில் அவர்கள் ரயில்தான் முதலில் வந்தது. கதவு மூடும் முன் சம்பந்தி அம்மா, "ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே, மலை" என்றார். மேடு என்று சொல்லவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இடம் கிடைத்ததும் மகன் தோளில் சாய்ந்து, ரயில் நகர்வதற்குள் கண்ணை மூடிவிட்டார். இந்த ஒரு மாதத்தில் அவர் மகன் முகத்தைப் பார்க்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் ரயிலுக்காக நின்றபோது மனைவி என் விலாவில் இடித்தாள்.

"ஒன்னு கேட்கணும். குரங்கு அவங்க கையிலேருந்து பிடுங்குச்சா? இல்ல அவங்களே விட்டுக் கொடுத்துட்டாங்களா? பிடுங்கியிருந்தா கொடுத்ததாகாதே."

"அதை நான் கேட்கல."

"உங்களுக்கு எல்லாம் முறைப்படி தெரிஞ்சாகணுமே. போன் பண்ணிக் கேளுங்க."

"கேட்கலாம். நாளைக்கு அவங்க விமானம் ஏறட்டும்."